எந்த தோரோல்ஃப்?

கதவு நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் திறந்தது. உள்ளே சங்கிலி மாட்டியிருந்தது. இடுக்கில் ஒரு கண்ணும் பாதி மூக்குக் கண்ணாடியும் தெரிந்தன.

“எதுவும் வேண்டாம். போங்கோ.”

“நாங்க எதுவும் விக்க வரலை சார்,” என்றாள் செல்வமேரி. “உங்களை உள்ள தள்ளலாமா வேண்டாமான்னு பார்க்க வந்திருக்கோம். அஞ்சு நிமிஷ வேலை.”

பக்கத்தில் நின்ற பரமசிவம் அவளை முறைக்கவில்லை. முறைத்துப் பயனில்லை என்பது அவருக்கு ஆறு வருஷ அனுபவம்.

ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் சங்கேதச் செய்திகளைப் பிரித்துப் படித்துவிட்டு, பம்பாயிலிருந்து மூன்று மணி நேர ரயில் தூரத்திலிருந்த போபோடியில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்தவர் பரமசிவம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். பேச்சில் அந்த ஊர் இன்னும் போகவில்லை. செல்வமேரி போபோடியிலேயே பிறந்து வளர்ந்தவள். டைப் அடிக்க வேலைக்குச் சேர்ந்தாள். இயந்திரத்தைவிட அவள் வாய் வேகமாக ஓடியதைப் பார்த்து, பரமசிவம் அவளை வெளி வேலைக்கு அழைத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

இன்றைய வெளி வேலை ஔந்தில், சந்தனா ஹௌசிங் சொசைட்டியில். இருபத்துநான்கு வீடுகள், பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். இரண்டாவது மாடியில் இருக்கும் பாஸ்கர் என்ற கம்ப்யூட்டர்காரனுக்கு மூன்று வாரத்தில் மூன்று மொட்டைக் கடிதங்கள் வந்திருந்தன. மொட்டை என்றும் சொல்ல முடியாது. மூன்றிலும் ‘தோரோல்ஃப்’ என்ற பெயர் இருந்தது. இரண்டாவது கடிதம் வந்த மறுநாள் பாஸ்கரின் ஸ்கூட்டர் பிரேக் அறுந்து, அவன் கீழே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. யாரோ கேபிளை அறுத்திருக்கிறார்கள் என்று மெக்கானிக் சொன்னான்.

தோரோல்ஃப் என்ற பெயரை ஔந்தில் கேள்விப்பட்டவர்களே குறைவு. அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவர் ஒருவர்தான். மூன்றாவது மாடியில் தனியாக இருந்த ஸ்ரீநிவாசன். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். இன்று, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு சொசைட்டிக் கூட்டம். அவர் மீது போலீசில் புகார் கொடுப்பதாகத் தீர்மானம். அதற்குள் ஆதாரம் வேண்டும் என்று பரமசிவத்தை அழைத்தவர் சொசைட்டிச் செயலாளர் ராகவேந்திரா.

“அவாதானே அனுப்பிச்சா உங்களை?” என்றது கதவிடுக்கு. “நான் குற்றவாளின்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் ஆதாரம் தேட ஆள் வச்சிருக்கா.”

“ஆமா சார்,” என்றார் பரமசிவம். “ஆனா நான் அந்த வரிசையில வேலை செய்யுதவன் இல்ல. கடுதாசியை நீங்க ஒரு தடவை படிக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

சங்கிலி விழுந்தது. அவர் மேல் இருந்த நம்பிக்கையால் அல்ல. கடிதங்களை இதுவரை யாரும் ஸ்ரீநிவாசனிடம் காட்டவில்லை. படிக்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கண்ணில் தெரிந்தது.

வீட்டுக்குள் நாற்காலியைவிடச் செருப்புப் பெட்டிகள் அதிகமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. வாசல் ஓரத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி நிறையப் பிரிக்காத கவர்கள்.

“இது என்ன சார், லாட்டரியா?” என்றாள் செல்வமேரி.

“இந்தக் கட்டடத்து ஜனங்கள் எனக்கு எழுதற காதல் கடிதம். முதல் நாலைப் பிரிச்சேன். ‘காலி பண்ணு கிழவா.’ ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போ.’ அப்புறம் தபால் பெட்டியில எது வந்தாலும் நேரா வாளிதான்.”

“இந்த அட்டை எல்லாம்?”

“ஐஸ்லாந்துல முதல்ல குடியேறினவாளோட பேர் வரிசை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தினவா. அவா கதைகளுக்கு சாகான்னு பேர்.”

“சாகாவா? அப்ப யாருமே சாக மாட்டாங்களா?”

“எல்லாரும் சாவா,” என்றார் ஸ்ரீநிவாசன் எரிச்சலாக. “ஒருத்தர் மட்டும் செத்தப்புறமும் அடங்கலை. அதுவும் ஒரு தோரோல்ஃப்தான். அங்கே ஒரே பேரை வீட்டுக்கு வீடு வைப்பா. யார் எந்த தோரோல்ஃப்னு பிரிக்கறதுதான் என் வேலை. பத்து வருஷமா பண்றேன். அந்த மூணாவது பெட்டி மட்டும் என் பழைய மாணவர்கள். பதினோரு ராமன், ஏழு கணேசன். ஒரே பேர்ல ரெண்டு பேர் கலந்துபோனா எனக்குச் சாப்பாடு இறங்காது.”

பரமசிவம் முதல் கடிதத்தை நீட்டினார். ஆங்கிலத்தில், கம்ப்யூட்டரில் அச்சடித்தது. ஸ்ரீநிவாசன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார்.

“‘என் உயர்ந்த ஆசனத்தின் தூண்களைக் கடலில் எறிந்தவன் நான். அதே ஆசனத்தில் உட்கார்ந்தபடி செத்தவன் நான். என் எதிரே வந்தவன் பிழைத்ததில்லை. இப்படிக்கு, தோரோல்ஃப், மான்ஸ்டர் தாடி...’”

அவர் காது மடல் சிவந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார்.

“ஐயோ சார், அது சாட்சியம்!” செல்வமேரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாட்சியமா? அபத்தம்! கடல்ல தூணை எறிஞ்சவர் தாடிக்கார தோரோல்ஃப். அவர் இருந்த தீவுக்குப் பேர் மோஸ்டர். மோஸ்டர் தாடி! மான்ஸ்டர் இல்லை! நாற்காலியில செத்தவர் நொண்டிக்கால் தோரோல்ஃப். சண்டையில கால் போனவர். பெத்த பிள்ளையோடவே மல்லுக்கு நின்னவர். இவர் வேற, அவர் வேற! எவனோ ரெண்டு பேரையும் பிசைஞ்சு ஒரே உருண்டையாப் பண்ணியிருக்கான். இதை நான் எழுதினேன்னு சொல்றாளா? கொலை பண்ணினேன்னு சொன்னாக்கூடப் பொறுத்துப்பேன். இந்தத் தப்பைப் பண்ணினேன்னு சொல்லாதேங்கோ!”

பரமசிவத்தின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. அவருக்கு அது ஒரு கைதட்டலுக்குச் சமம்.

“இந்த ரெண்டும் வேற வேற ஆளுன்னு இந்தக் கட்டடத்துல யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும்! ஜூலை மாசம் கீழே ஹால்ல பேசினேனே. அஞ்சு தோரோல்ஃப், அஞ்சு கதை. ஒரு ஆள், புல்லுக்குப் புல் வெண்ணெய் சொட்டற நாடுன்னு ஐஸ்லாந்தைப் புளுகினவர். அவருக்கு வெண்ணெய் தோரோல்ஃப்னே பேர். இன்னொருத்தர் ராஜாவுக்கு விசுவாசமா இருந்தவர். ரெண்டு பேர் போய்க் கோள் சொன்னா. ராஜா நம்பிக் கொன்னுட்டான்.” அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “நீங்களும் ரெண்டு பேர்தான் வந்திருக்கேள். கிளம்புங்கோ.”

கதவு சாத்திய வேகத்தில் அடுத்த வீட்டுக் காலண்டர் ஆடியது.

படியிறங்கும்போது செல்வமேரி சொன்னாள்: “எழுதினது இவர் இல்லை சார். கடிதத்தைப் பார்த்து அந்த மனுஷன் பயப்படவே இல்லை. மார்க் போட்டாரு. அதுவும் ஃபெயில் மார்க்.”

“வேணும்னே தப்பா எழுதியிருக்கலாம்லா?”

“பேனாவைப் பிடுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவரால தப்பா எழுத முடியாது. கை வராது.”

“சரி,” என்றார் பரமசிவம். “அப்ப ஹாலுக்கு வராத ஒருத்தன், ஹால்ல பேசினதை வச்சு எழுதியிருக்கான். எப்படி?”

தரைத்தளத்து ஹாலில் ராகவேந்திரா மாலைக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். வங்கி அதிகாரி. கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை. இவர்களைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆதாரம் கிடைச்சுதா?”

“கிடைச்சுது. ஆனா நீங்க கேட்ட ஆதாரம் இல்ல,” என்றார் பரமசிவம். “எழுதினது அவரில்ல.”

“மிஸ்டர் பரமசிவம், உங்களைக் கூப்பிட்டது அவரைக் காப்பாத்த இல்லை. பாஸ்கர் ஆஸ்பத்திரியில கிடந்தான். வர்ற புதன்கிழமை பம்பாய்ல அவனுக்கு அமெரிக்க விசா இன்டர்வியூ. தோள்ல கட்டோட போகப்போறான். நீங்க என்னடான்னா...”

“புரொபசர் பேசினதை யாராவது டேப் பண்ணினாங்களா?”

ராகவேந்திரா நிறுத்தினார். “நான்தான் பண்ணினேன். அதுக்கென்ன இப்போ?”

மேஜைக்கு அடியிலிருந்து டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் வெளியே வந்தது. அறுபது நிமிஷக் கேசட். செல்வமேரி பொத்தானை அழுத்தினாள். குழந்தைகள் அழுகை, மின்விசிறியின் முனகல், அதற்குள் ஸ்ரீநிவாசனின் கணீரென்ற குரல். அரை மணி நேரம் மூவரும் கேட்டார்கள். ராகவேந்திரா அதற்குள் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

“...தாடிக்காரர் தன் ஆசனத்துத் தூண்களைக் கடல்ல தள்ளினார். அது எங்கே ஒதுங்கறதோ அங்கதான் வீடுன்னு சபதம். ஒதுங்கின கரையில வீடு கட்டி, ஆசனத்தைப் போட்டு, கம்பீரமா உட்கார்ந்தார். அப்புறம் அவர்...”

டக்.

செல்வமேரி கேசட்டைத் திருப்பிப் போட்டாள். கரகரப்பு. பிறகு:

“...ஆசனத்துல உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தார். கண் திறந்தே இருந்தது. எதிரே போகாதேங்கோன்னு எல்லாரையும் தடுத்துட்டு, பிள்ளை பின்பக்கமா வந்து கண்ணை மூடினான். பிணத்தை இழுத்துண்டு போன எருதுகளுக்கு வெறி பிடிச்சுது...”

செல்வமேரி நிறுத்தினாள். “சார்! இந்தப் பக்கத்துல ஒருத்தர் உட்கார்றாரு. அந்தப் பக்கத்துல வேற ஒருத்தர் செத்துப் போறாரு. நடுவுல டேப் தீர்ந்துபோச்சு. கேசட்டை மட்டும் கேட்டா ரெண்டு பேரும் ஒரே ஆள்!”

“மோஸ்டர்னு அவர் சொல்லுததும் பாரு, குழந்தை அழுகையில மான்ஸ்டர் மாதிரிதான் கேக்கு,” என்றார் பரமசிவம். “எழுதினவன் டேப்பைக் கேட்டவன். ராகவேந்திரா சார், பக்கம் மாத்த ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு?”

“பஜ்ஜி வந்துது. வாங்கி வைக்க வெளியே போனேன். திரும்பி வந்து பார்த்தா டேப் நின்னுபோயிருந்தது. நாலு நிமிஷம் போயிருக்கும்.”

செல்வமேரி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். “அப்ப அந்த நாலு நிமிஷத்தை நீங்களும் கேக்கலை. டேப் உங்ககிட்டதான் இருக்கு. அட, எங்களைக் கூப்பிட்டவரே நீங்கதானே?”

ராகவேந்திராவின் கழுத்துப் பட்டன் தெறித்துவிடும் போலிருந்தது. “ஏய்! யாரைப் பார்த்து என்ன பேசறே? வெளியே போ! ரெண்டு பேரும் வெளியே போங்க!”

“மேரி,” என்றார் பரமசிவம், குரலை உயர்த்தாமல். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில், போன மாதத்துக் கோலப் போட்டி அறிவிப்புக்குப் பக்கத்தில், ஒரு சார்ட் பேப்பர் தொங்கியது. ஐந்து வரிசை. ஒன்று முதல் ஐந்து வரை எண். ஆங்கிலத்தில் முத்து முத்தான கையெழுத்து. முதல் வரியில் ‘மோஸ்டர் தாடி’. இரண்டாவதில் ‘நொண்டிக்கால்’. “இது யாரு கையெழுத்து?”

“என்னுதுதான்,” ராகவேந்திரா உறுமினார். “அவருக்குக் கை நடுங்கும். அவர் சொல்லச் சொல்ல முந்தின நாள் நான்தான் எழுதினேன்.”

“அப்ப மோஸ்டர் உங்களுக்கு மான்ஸ்டர் ஆகாது. ஒண்ணும் ரெண்டும் ஒரே ஆளும் ஆகாது. உங்களுக்கு மட்டுமில்ல. இங்க உக்காந்து ஒரு மணி நேரம் இதைப் பார்த்த யாருக்கும் ஆகாது. எழுதினவன் காதால கேட்டிருக்கான், கண்ணால பார்க்கலை.” பரமசிவம் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “டேப்பை யாரு வாங்கிட்டுப் போனாங்க?”

கோபம் ராகவேந்திராவின் முகத்திலிருந்து இறங்கி, அந்த இடத்தில் வேறு ஏதோ ஏறியது.

“பாஸ்கர் வீட்டுக்குத்தான் போச்சு. அன்னிக்கு அவன் பம்பாய்ல. சந்திரிகா முன் வரிசையில உட்கார்ந்து கேட்டாங்க, கேள்விகூடக் கேட்டாங்க. வீட்டுக்காரருக்குக் கொடுக்கணும்னு மறுநாள் வாங்கிட்டுப் போனாங்க. ஆனா அவன்தானே கடிதம் வந்தவன்? அடி பட்டவன்?”

செல்வமேரி கேசட்டையே பார்த்தாள். தனக்கே கடிதம் எழுதி, தன் பிரேக்கைத் தானே அறுத்து, தன் எலும்பைத் தானே முறித்துக்கொள்வானா ஒருத்தன்? எதற்கு?

“எதுக்குன்னுதான் தெரியணும்,” என்று அவள் கேட்காததற்குப் பதில் சொல்லிவிட்டுப் பரமசிவம் எழுந்தார். “நீ இங்கேயே இரு. நான் மாடிக்குப் போய்ட்டு வாரேன். அந்த மனுஷன் கதவைத் திறக்கணும்னு வேண்டிக்கோ.”

ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். சட்டையெல்லாம் தூசி. வடாபாவ் வாங்கி வரச் சொல்லி, இரண்டைத் தின்றுவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “பேச்சுவாக்குல ஒருத்தனைத் தப்பு சொல்ல வைக்கணும். உன்னால முடியுமா?”

“அதுக்குத்தான் எங்கம்மா என்னைப் பெத்தா சார்.”

ஐந்து மணிக்கு ஹால் நிரம்பியது. வெளியே மழை. குடைகள் மூலையில் குவிந்து தண்ணீர் ஓடியது. ஸ்ரீநிவாசனுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் யாரும் உட்காரவில்லை. நடுவில் அவரும் இரண்டு காலி நாற்காலிகளுமாக இருந்தார். ‘முகத்தைப் பாரு, திமிரைப் பாரு’ என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல், அவருக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. “இன்னும் என்ன விசாரணை? போலீசைக் கூப்பிடுங்க!” என்றது இன்னொன்று.

பாஸ்கர் முன் வரிசையில் தோள்கட்டோடு இருந்தான். முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். நல்ல நிறம், நல்ல சிரிப்பு. பக்கத்தில் சந்திரிகா. மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத முகம். அவளுடைய பயம் பொய்யில்லை என்று செல்வமேரிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

பரமசிவம் எழுந்தார். “பாஸ்கர் தம்பி, இந்த தோரோல்ஃப் யாருன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?”

“எனக்கென்னங்க தெரியும்?” என்றான் பாஸ்கர். “அன்னிக்கு நான் ஊர்லயே இல்லீங்க. அந்த டேப்பைக்கூடப் போட்டுக் கேக்க நேரமில்லை. லெட்டர்ல பார்த்துத்தானுங்க பேரே தெரியும்.”

“நானும் டேப்பைக் கேட்டேன்,” செல்வமேரி குறுக்கே புகுந்தாள். “செம்ம காமெடி சார். நாற்காலியில உட்கார்ந்தபடி தாடிக்காரர் செத்துப் போறாரு. கண்ணு திறந்தே இருக்கு. கிட்டப் போக எல்லாருக்கும் பயம். கடைசியில அவர் பொண்டாட்டி முன்னாடி வந்து நின்னு, ‘யோவ், மூடு’ன்னு...”

“பொண்டாட்டி இல்லீங்க, பையன்,” என்றான் பாஸ்கர். “அதுவும் பின்னாடி பக்கமா வந்து...”

பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

முதலில் பேசியது சந்திரிகாதான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“டேப்பைக் கேக்கலைன்னீங்களே?”

“கொஞ்சம்... ஆபீஸ் போறப்ப கொஞ்சம் கேட்டிருப்பேன். மறந்துட்டேன்.”

“அது தாடிக்காரர் இல்லைங்களே. அது நொண்டிக்காலரு. ரெண்டு பேரும் உறவான்னு சார்கிட்ட நான்தான் எழுந்து கேட்டேன். இல்லைன்னாரு.” அவள் பரமசிவத்தின் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். “அந்த லெட்டர்லயும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்க.”

“சந்திரி, நீ சும்மா இரு. என்னை யாரோ கொல்லப் பார்த்தாங்க! நான் ஏன் எனக்கே...”

“அதுக்கும் பதில் இருக்கு,” என்றார் பரமசிவம். அவர் கையில் இப்போது வேறு ஒரு கவர் இருந்தது. “புரொபசர் சார், மூணு வாரத்துக்கு முன்னால படியில வச்சு இவர்கிட்ட என்ன கேட்டீங்க?”

ஸ்ரீநிவாசன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். “எண்பத்தெட்டு பி.எஸ்ஸி. பாட்ச்னு சொன்னான். என் காலேஜ். என் பெட்டியில அந்த பாட்ச்சுக்கு ஒரே ஒரு எஸ். பாஸ்கர்தான் இருந்தான். இவன் முகமில்லை. என் அட்டையில ஒரு ஆள் விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். ‘உங்க பாட்ச்ல ரெண்டு பாஸ்கரா’ன்னு கேட்டேன். சிரிச்சான். எனக்கு மனசு ஆறலை. அந்த முதல் பாஸ்கருக்கே ஈரோட்டு விலாசத்துக்கு எழுதிக் கேட்டேன். அதையும் இவன்கிட்ட சொன்னேன்.”

“அடுத்த ரெண்டே நாள்ல முதல் மொட்டைக் கடுதாசி வந்துது,” என்றார் பரமசிவம். “ஈரோட்டுலேர்ந்து பதில் வந்து பத்து நாளாச்சு. நீங்க எல்லாரும் அனுப்பின வசவுக் கடுதாசிக்கு நடுவுல, வாளியில, பிரிக்காமக் கிடந்துது. நானும் புரொபசரும் உக்காந்து நூத்தி நாப்பது கவரைப் பிரிச்சோம்.” அவர் காகிதத்தை விரித்துப் படித்தார்.

“‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். எங்கள் வகுப்பில் இன்னொரு எஸ். பாஸ்கர் இருந்தது உண்மை. விடுதியில் என் அறையில்தான் இருந்தான். இரண்டாம் ஆண்டு பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டுப் போனதால் தங்களுக்கு நினைவிருக்காது. நான் பட்டம் வாங்கிய வருடம் ஒருமுறை என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். இரண்டு நாள் தங்கினான். அவன் போன பிறகு என் பட்டச் சான்றிதழைக் காணவில்லை. நண்பனைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. நகல் கேட்டு இத்தனை வருடமாக அலைகிறேன். ஏதோ ஒரு முத்திரை, ஏதோ ஒரு கையெழுத்து குறைகிறது என்கிறார்கள். அரசு வேலைக்கு மூன்று முறை எழுதித் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவனை எங்காவது பார்த்தீர்களா ஐயா?’”

பாஸ்கர் எழுந்தான். தோள்கட்டை மறந்து கையை வீசியதில் வலி முகத்தில் ஓடியது. “பொய்! அந்தச் சான்றிதழ் என்னோடது! என் பேரு பாஸ்கர் இல்லையா? எஸ். பாஸ்கர் இல்லையா?”

“உங்க பேரு பாஸ்கர்தான். அதுல யாருக்கும் சந்தேகமில்ல,” என்றார் பரமசிவம். “ஈரோட்டுக்காரர் சான்றிதழைக் காட்டி விசா வாங்கணும். புதன்கிழமை இன்டர்வியூ முடியிற வரைக்கும் புரொபசர் பேச்சை யாரும் நம்பக் கூடாது. அவ்வளவுதானே? பைத்தியம்னு பேர் கட்டிட்டா, அவர் என்ன சொன்னாலும் எடுபடாது.”

“பிரேக்கை அறுத்துட்டு மெதுவா விழலாம்னு பார்த்திருக்காரு,” என்றாள் செல்வமேரி. “ஔந்த் ரோடு பத்தி தெரியாது போல.”

ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஹாலின் வாய் திறந்துகொண்டது. பத்துப் பதினைந்து பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். “போலீசைக் கூப்பிடு!” “வெளியே இழு அவனை!” “வீட்டைக் காலி பண்ணச் சொல்லு, இன்னிக்கே!” ‘திமிரைப் பாரு’ என்ற அதே பெண் குரல் இப்போது பாஸ்கரைப் பார்த்து அதையே சொன்னது. ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். பரமசிவம் நடுவில் போய் நின்றார். ராணுவத்தில் இருந்த உடம்பு. அதைத் தாண்டிப் போக யாரும் துணியவில்லை.

“உட்காருங்கோ எல்லாரும்!”

ஸ்ரீநிவாசன் எழுந்து நின்றிருந்தார். வகுப்பறைக் குரல். பாதிப் பேர் தங்களை அறியாமல் உட்கார்ந்தார்கள்.

“மூணு வாரம் என் வாசல்ல குப்பையைக் கொட்டினேள். இன்னிக்கு இவன் வாசலுக்குக் கிளம்பறேள். உங்களுக்கு யாராவது ஒருத்தன் வேணும், அவ்வளவுதான். இவன் பண்ணினதுக்குச் சட்டம் இருக்கு. நீங்க பண்ணினதுக்கு எதுவும் இல்லை.”

ராகவேந்திரா கையைப் பிசைந்தபடி அருகே வந்தார். “சார், சொசைட்டி சார்பில நாங்க...”

“வேண்டாம். எழுதி வாளியில போடுங்கோ.”

சந்திரிகா எப்போது எழுந்து போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். விசாவுக்காகப் பாஸ்கர் அடுக்கி வைத்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தடித்த காகிதத்தை மட்டும் உருவிக்கொண்டு, மீதியைக் கணவனின் மடியில் வைத்தாள்.

“எட்டு வருஷமா நம்ம பீரோவில இதைத் துடைச்சுத் துடைச்சு வச்சேன்,” என்றாள் அவனிடம். “யாரோடதுன்னு தெரியாமலே.”

“சந்திரி, நான் சொல்றதைக் கேளு. உனக்காகத்தான்...”

“மூணு வாரம். ராத்திரியெல்லாம் கதவுகிட்டயே உக்காந்திருந்தேன். நீங்க தூங்கினீங்க. நல்லாத் தூங்கினீங்க. இவ்வளவு பயத்துல எப்படித் தூங்கறாருன்னு நான் ஆச்சரியப்பட்டேன்.”

அவன் தலை குனிந்தது. அவள் ஸ்ரீநிவாசனிடம் வந்தாள்.

“சார், ஈரோட்டு அட்ரஸ் எழுதிக் கொடுங்க.”

“எங்கிட்ட குடும்மா. நான் பதிவுத் தபால்ல அனுப்பறேன்.”

“வேண்டாங்க சார். போலீசுக்கு நகல் வேணும்னா போற வழியில எடுத்துக் கொடுத்துட்டுப் போறேன். இதை நானே கையில கொடுக்கணும். எங்கம்மா வீடு பவானிதானுங்க. ஈரோட்டுக்கு அரை மணி பஸ்.”

ஸ்ரீநிவாசன் பேனாவை எடுத்தார். பிறகு, நடுங்கும் கையால், கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அவள் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

“ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆட்டோ கிடைக்காது இந்த மழையில,” என்றாள் செல்வமேரி. “என் வண்டி இருக்கு. பிரேக்கும் இருக்கு.”

சந்திரிகா சிரிக்கவில்லை. ஆனால் துணிப்பையை அவளிடம் நீட்டினாள். வாசலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, அந்தக் காகிதத்தை நனையாமல் உள்ளே வைத்துப் பட்டனைப் போட்டாள். பின்னாலிருந்து பாஸ்கர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டாவது முறை கூப்பிட்டபோது வண்டி கேட்டைத் தாண்டியிருந்தது.